பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை சைக்கிளில்: பெற்றோர் கேட்ட மூன்று கேள்விகளுக்கு எங்கள் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பிள்ளை உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன விடுமுறையில் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள், அதில் இருவர் பெண்கள், பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை சைக்கிளில் போய் வந்தோம். சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, வழியெல்லாம் நின்று நின்று போய், ளுஹருக்கு முன் கற்பிட்டிப் பள்ளிவாசலில் இருந்தோம். சுமார் 40 கிலோமீற்றர். ஏற்றம் இறக்கம் இல்லாத மண். சைக்கிளுக்கென்றே அல்லாஹ் படைத்த பாதை என்று சொல்லலாம்.

வந்த பிறகு ஒரு யோசனை வந்தது. தரம் 9, 10 பிள்ளைகள் இருபது பேரை, விரும்பும் வாப்பாமார் உம்மாமாரோடு சேர்த்து, இதே பாதையில் கூட்டிப் போனால் என்ன? பாடசாலைச் சுற்றுலாவாக இல்லை, ஊர்ப் பயணமாக. சில பெற்றோரைக் கூட்டிப் பேசினோம். அங்கே மூன்று கேள்விகள் வந்தன. இரண்டை வாய் திறந்து கேட்டார்கள். ஒன்றை யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் இருந்தது.

முதலாவது: "பள்ளிவாசல்கள் இருக்க, எங்கட புள்ளைகள சர்ச்சுக்கு ஏன் கூட்டிட்டுப் போறீங்க சேர்?"

இரண்டாவது: "பொம்புளப் புள்ளைகள் ரோட்டுல சைக்கிள் ஓடுறதா? லொறி போற ரோட்டுல?"

கேட்கப்படாத மூன்றாவது: 2019க்குப் பிறகு அவர்கள் நம்மை வாசலுக்குள் விடுவார்களா?

அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில், அந்தப் பாதையில் என்ன இருக்கிறது?

நாம் எல்லோரும் பஸ்ஸிலும் வானிலும் நூறு தடவை போன ரோட்டுத்தான். ஆனால் பஸ்ஸில் போகும்போது நாம் பார்ப்பது முன் சீட்டுக்காரரின் தலையை. சைக்கிளில் போனால்தான் ஊர் தெரிகிறது. வலது கைப்பக்கம் களப்பு, இடது கைப்பக்கம் கடல், நடுவில் நாம். உப்பு வாய்க்கால், கண்டல் மரம், கைவிடப்பட்ட இறால் பண்ணைகள், மணலில் செழிக்கும் வெங்காயமும் மிளகாயும், தென்னந்தோப்பு, ரோட்டின் நடுவில் நின்று ஹோர்ன் சத்தத்துக்கு அசையாத நம் மாவட்டத்துக் கழுதைகள். நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் கூடவே வருகிறது. கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு மணல் ஒழுங்கையின் முடிவிலும் ஒரு மீனவக் கிராமம். ஒன்றில் பள்ளிவாசல், அடுத்ததில் சிறு சிலுவைக் கோயில், சில இடங்களில் இரண்டும் கூப்பிடு தூரத்தில். கரைவலை இழுக்கும் பாட்டைக் காதால் கேட்டுவிட்டு இவர் முஸ்லிமா கத்தோலிக்கரா என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

இந்த மண்ணில் எவ்வளவு வரலாறு கிடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இப்னு பதூதா 1344இல் கரையிறங்கிய இடம் புத்தளம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அது பாடத்தில் இருக்கிறது, மேடையிலும் சொல்கிறோம். ஆனால் கற்பிட்டிக் கோட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள், பதில் வராது. ஒல்லாந்தர் 1667இல் அதைக் கட்டத் தொடங்கியது களப்பின் வாயைக் கையில் வைத்திருக்கத்தான். கண்டி அரசனின் புத்தளம் துறைக்குப் போகும் வள்ளமும் வரும் வள்ளமும் அவர்கள் கண்ணில் படாமல் போகக்கூடாது என்பதற்காக. அந்த வள்ளங்களில் வியாபாரம் செய்தவர்களில் நம் மூதாதையர் இருந்தார்கள். அதாவது அந்தக் கோட்டை நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கக் கட்டப்பட்ட கோட்டை. இப்போது அது கடற்படை முகாம். அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகலாம்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தரின் பழைய புரட்டஸ்தாந்து தேவாலயம் இருக்கிறது. உள்ளே தரையில் ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கற்கள். அந்தத் தேவாலயத்தை வைத்து ஒரு முழுப் பாடம் நடத்தலாம். ஒல்லாந்தர் கிறிஸ்தவர்கள், ஆனால் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தவர்கள். கத்தோலிக்கர் ஒளிந்து ஒளிந்து பூசை செய்த காலம் அது. அந்தக் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கி நம் புத்தளத்துக்குத்தான் வந்து வேலை செய்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தது அவரைத்தான். அதே ஒல்லாந்தர் காலத்தில் முஸ்லிம்களின் வியாபாரத்துக்குத் தடை, குடியிருப்புக்குத் தடை, ஊழிய வேலை. கத்தோலிக்கரும் நாமும் ஒரே ஆட்சியின் கீழ் ஒரே நேரத்தில் நசுக்கப்பட்டவர்கள். இந்த ஒரு விசயத்தைப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டிடத்தின் முன் நின்று சொல்வதற்கும், வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர் ஊராக விவரம் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டவர். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதியவர். முஸ்லிம்களின் வழக்கங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? எங்களில் இருவரே கலாசாலைக்குப் படிக்கப் போன பிறகுதான் கேட்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சர்ச்சுக்கு ஏன்?

தலவிலைத் திருத்தலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வரும் இடம். மார்ச் மாதமும் ஆகஸ்ட் மாதமும் பெருவிழா. கடலோரத்தில் மரங்கள் நிறைந்த பெரிய வளவு, முதிரை மரத் தூண்கள் தாங்கும் ஆலயம். மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து போன வறிய போர்த்துக்கேயர் ஒருவர் அங்கே ஒரு மரத்தடியில் உறங்கி, கனவு கண்டு, அதிலிருந்து தொடங்கியது என்று அவர்கள் கதை சொல்வார்கள். கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆலயம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புனித அன்னம்மாள். மரியாளின் தாய்.

நம் பிள்ளைகள் மனனம் செய்யும் ஸூரத்து ஆலஇம்ரானில், தன் வயிற்றில் உள்ளதை அல்லாஹ்வுக்காக நேர்ந்துகொண்ட இம்ரானின் மனைவியைப் பற்றி வருகிறதே, அந்தத் தாய்தான். தஃப்சீர்களில் ஹன்னா என்று பெயர் சொல்கிறோமே, அந்த ஹன்னா. ஆண் பிள்ளை எதிர்பார்த்தவருக்குப் பெண் பிள்ளை பிறந்து, அதற்கு மர்யம் என்று பெயர் வைத்தாரே, அவர். அவர்கள் அவரை வைத்து வணங்குவது வேறு, நாம் அவரை மதிப்பது வேறு. அந்த வேறுபாடு சின்னதில்லை, அதை மறைக்கவும் தேவையில்லை. ஆனால் குர்ஆனில் வரும் ஒரு பெண்மணியின் பெயரால் நம் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் ஒரு ஊரே கூடுகிறது என்பதைக்கூடத் தெரியாமல் நம் பிள்ளை வளர்வது ஈமானுக்கு என்ன பாதுகாப்பு?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, ஆலிம்களின் இடத்தை நாங்கள் எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த இரண்டு விசயங்களை ஞாபகப்படுத்துகிறோம். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வரவேற்றது மதீனாப் பள்ளிவாசலில். ஜெரூசலத்தில் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களைக் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்துக்கு அழைத்துப் போனபோது, அவர்கள் உள்ளே பார்த்தார்கள், தொழுகையை மட்டும் வெளியே வந்து தொழுதார்கள். பின்னால் வரும் முஸ்லிம்கள் அந்த இடத்துக்கு உரிமை கோரிவிடக்கூடாது என்று அவர்கள் பயந்ததாக வரலாறு சொல்கிறது. எங்கள் அளவுகோலும் அதுதான். போவோம், அனுமதி கேட்போம், மரியாதையாக நிற்போம், கேட்போம், கற்போம். பூசை நேரத்தில் உள்ளே போகமாட்டோம். மெழுகுதிரி ஏற்றமாட்டோம், எந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளமாட்டோம். மௌலவி ஒருவரையும் கூடவே வரக் கேட்டிருக்கிறோம். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்பது கூடுதல் வசதி.

பள்ளிவாசல்களை விட்டுவிட்டா போகிறோம் என்ற குறையும் வேண்டாம். பாதையில் உள்ள பழைய பள்ளிவாசல்கள், கற்பிட்டி நகரின் ஜும்ஆப் பள்ளி எல்லாம் இந்தப் பயணத்தில் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் சனங்கள் மன்னாரிலிருந்து கடல் வழியாக வந்து இறங்கிய கரைகளும் இருக்கின்றன. கையில் ஒரு பையோடு வந்தவர்களுக்குக் கற்பிட்டிச் சனங்கள் பள்ளிக்கூடத்தையும் பள்ளிவாசலையும் தென்னந்தோப்பையும் திறந்துவிட்ட கதையை, அந்தக் கரையில் வைத்தே, வந்தவர் ஒருவரின் வாயாலும் வரவேற்றவர் ஒருவரின் வாயாலும் பிள்ளைகள் கேட்க வேண்டும். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

இனி, யாரும் கேட்காத கேள்வி.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். கொச்சிக்கடையில், மட்டக்களப்பு சீயோனில், ஹோட்டல்களில், மொத்தமாக 250க்கும் மேற்பட்ட உயிர்கள். செய்தவர்கள் நம் பெயர்களைச் சுமந்தவர்கள். அந்த வருடம் ஜனவரியில் வெடிபொருள் பிடிபட்டது நம் மாவட்டத்து வண்ணாத்திவில்லில் என்பதையும் நாம் மறந்துபோனதுபோல் இருக்க முடியாது. மே மாதம் நம்மேல் பாய்ந்தார்கள். கொட்டாரமுல்லையில் ஒரு வாப்பாவை வீட்டு வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். அதுவும் நம் மாவட்டம்தான். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தன் சனத்திடம் கேட்டுக்கொண்டதும் அந்த நாட்களில்தான். இத்தனையும் நடந்த நாட்டில்தான் நாம் அண்டை வீட்டுக்காரராக இருக்கிறோம்.

அதற்கு முன்? தலவிலைப் பெருவிழா என்றால் நம் ஆட்கள் கடை போடுவார்கள். பேரீச்சம்பழம், தொதல், வளையல், பிளாஸ்டிக் சாமான். நம் வான்கள் ஆள் ஏற்றி இறக்கும். பிள்ளைகள் வாப்பாவோடு போய்க் கடையில் நிற்பார்கள். எங்களில் ஒருவர் சின்ன வயதில் அப்படி நின்றவர். மிஞ்சிய சில்லறையில் ஐஸ் பழம் வாங்கியதை இன்றைக்கும் சொல்லுவார். 2019க்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. இவர்களும் போகவில்லை. ஒரு வருடம் போகாமல் விட்டது, பிறகு கொரோனா வந்தது, பிறகு பொருளாதாரம் விழுந்தது, பிறகு போகாததே வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் இரண்டாம் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது எங்கள் வகுப்பறைகளில் பெரிய பிள்ளைகள். அவர்களுக்கு ஐஸ் பழம் ஞாபகம் இல்லை. குண்டு ஞாபகம் இருக்கிறது, உம்மாவின் அபாயாவைப் பற்றி பஸ்ஸில் யாரோ சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கிறது. ஒரு கத்தோலிக்கப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் பலருக்கு இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வழியில் ஒரு தேவாலயம். பெயர் வேண்டாம். வாசலில் நின்றவர் எங்கள் ஐந்து பேரின் பைகளையும் திறந்து பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை மூடி கழற்றச் சொன்னார். எங்களுக்கு முன் போன குடும்பத்தை அவர் அப்படிப் பார்க்கவில்லை. எங்களில் ஒரு ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் "வாங்க, திரும்புவம்" என்றார். வாசலிலேயே நின்று மெதுவாகச் சண்டை பிடித்தோம். கடைசியில் வயதில் மூத்தவர் சொன்னார்: "2019க்குப் பிறகு ஜும்ஆவுக்கு நம்மட பள்ளி வாசல்ல பையைப் பார்த்து விட்டது யாரு? நாமதானே நின்டோம். அவங்க நூறு மையத்தத் தூக்கின ஆக்கள்."

உள்ளே போனோம். பத்து நிமிடம் இருந்தோம். வெளியே வரும்போது பையைப் பார்த்த அதே மனிதர், எங்கள் சைக்கிள்கள் வெயிலில் நின்றதால் அவற்றை நிழலுக்குத் தள்ளி வைத்திருந்தார். "பாலாவியில இருந்தா ஓடி வந்தீங்க? டீச்சர்மாருமா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதைப் பெரிய சினிமாவாக்க வேண்டாம். அந்தப் பார்வை எங்களுக்கு வலித்தது உண்மை. போகாமல் திரும்பியிருந்தால் அந்த வலி மட்டும்தான் எங்களோடு வீட்டுக்கு வந்திருக்கும்.

எனவே மூன்றாவது கேள்விக்கு எங்கள் பதில்: விடுவார்கள். சில இடத்தில் சிரித்துக்கொண்டு விடுவார்கள், சில இடத்தில் பையைப் பார்த்துவிட்டு விடுவார்கள். இரண்டுக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்திக் கூட்டிப் போவது எங்கள் பொறுப்பு. அதேபோல அவர்களின் பிள்ளைகளை நம் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் அழைக்க வேண்டியது நம் பொறுப்பு. ஒரு வழிப் பாதையாக இருந்தால் இதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது கேள்வி, பெண் பிள்ளைகளும் லொறியும்.

லொறிப் பயம் நியாயமான பயம். மரக்கறி லொறி, மீன் லொறி, ஓட்டப் போட்டி நடத்தும் பஸ், எல்லாம் அந்த ரோட்டில் உண்டு. அதனால் 40 கிலோமீற்றரையும் பிள்ளைகளை ஒரே நாளில் ஓட வைக்கமாட்டோம். மூன்று துண்டாகப் பிரித்து மூன்று சனிக்கிழமை. முடிந்த இடமெல்லாம் பிரதான ரோட்டை விட்டு உள் ஒழுங்கைகள். தலைக்கவசம் கட்டாயம். முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒருவர், கடைசியாகத் தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் பம்பும் ஏற்றிய முச்சக்கரவண்டி. வெயில் ஏற முன் முடித்துவிட வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வேண்டாம். போகும்போது முதுகில் தள்ளி ஆளை ஏமாற்றிவிட்டு, திரும்பும்போது மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

பெண் பிள்ளை விசயத்தில் ஒளிக்காமல் பேசுவோம். நம் உம்மாமார் பலர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சைக்கிள் ஓடிப் பழகி, இடம்பெயர்ந்து வந்த பிறகும் முகாமிலிருந்து சைக்கிளில் போய்ப் படித்து ஆசிரியையான பெண்களை நமக்குத் தெரியும். அன்றைக்கு அது பேச்சாகவில்லை. இன்றைக்கு ஏன் பேச்சாகிறது? உடையில் குறையில்லை, கூட உம்மா வருகிறார், ஆசிரியைகள் வருகிறார்கள். டியூசனுக்கு இருட்டில் தனியாக முச்சக்கரவண்டியில் அனுப்பும்போது வராத பயம், பட்டப்பகலில் இருபது பேரோடு சைக்கிளில் போகும்போது வருவதென்றால், நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். விருப்பமில்லாதவர்கள் மேல் திணிக்க மாட்டோம். ஆனால் விரும்பி வரும் பிள்ளையைப் பற்றித் தெருவில் பேசாமல் இருங்கள், அது போதும்.

கடைசியாக, ஊரின் வருமானத்தைப் பற்றி.

சுற்றுலா என்று ஒரு பெரிய வார்த்தை நம் தீபகற்பத்தின் மேல் எத்தனையோ வருடமாகத் தொங்குகிறது. 14 தீவுகளைச் சேர்த்துத் திட்டம் போட்டார்கள். கரையோரக் காணி கைமாறியது, வேலி விழுந்தது. வலை காயப்போட்ட இடத்துக்கு இன்றைக்குச் சுற்றிப் போகும் மீனவர்கள் இருக்கிறார்கள். கரைவலைப் பாடு என்பது வெறும் மணல் இல்லை, அது ஒரு குடும்பத்தின் சோறு. நுரைச்சோலையில் மின்நிலையம் வந்தபோது மீனவரும் கத்தோலிக்கச் சபையும் எதிர்த்தார்கள். 2011இல் முதல் 300 மெகாவோற், இப்போது மொத்தம் 900. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. பக்கத்துத் தோட்டக்காரரும் மீனவரும் சாம்பலைப் பற்றியும் கடலைப் பற்றியும் இன்னும் முறையிடுகிறார்கள். பெரிய திட்டம் வரும்போது சின்ன ஊர் என்ன விலை கொடுக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக்காரர் இப்போதும் வருகிறார்கள். டொல்பின் பார்க்க, காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க. கொழும்பிலிருந்து வானில் ஏறி, ஹோட்டல் வாசலில் இறங்கி, அதே வானில் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் உள்ள நம் ஊர்களில் அவர்களின் பத்து ரூபாயும் விழுவதில்லை. சைக்கிளில் வருகிறவர் அப்படிப் போக முடியாது. அவருக்குத் தாகம் எடுக்கும், இளநீர் வாங்குவார். பசிக்கும், ரொட்டி வாங்குவார். டயர் வெடிக்கும், ஒட்டுப்போட ஆள் தேடுவார். அந்த ஆலயத்தின் கதை என்ன, இந்தப் பள்ளியின் கதை என்ன என்று கேட்பார். கதை சொல்ல நம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அது ஒரு தொழில். தெரியாவிட்டால் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நம் ஊரின் கதையை நமக்கே சொல்லிக் காசு வாங்குவார்.

அப்படி ஒரு சைக்கிள் பாதை என்றைக்காவது அரசாங்கத்தால் வரட்டும், வராமல் போகட்டும். வந்தால் நாம் கேட்க வேண்டியதை இப்போதே பேசி வைப்போம். கரைக்குப் போகும் பொது வழிகளை யாரும் வேலி அடைக்கக் கூடாது. வாடிக்குள்ளும் கருவாடு காயும் இடத்திலும் அனுமதியில்லாமல் கமராவோடு நுழையக் கூடாது. வலை இழுப்பது அவர்களின் வேலை, நமக்குக் காட்சி இல்லை. பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் வேண்டும், ஊர்ப் பெயரை ஊர்க்காரன் சொல்வதுபோல எழுத வேண்டும். வழிகாட்டிகள் பாதையோர ஊர்களின் இளைஞர்களாக இருக்க வேண்டும், எல்லாச் சமயத்திலிருந்தும். இதையெல்லாம் பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் முஸ்லிம்கள் மட்டும் தனியாகப் போய்க் கேட்டால் ஒரு கோரிக்கைக் கடிதம். பங்குத்தந்தையும் பள்ளி நிர்வாகமும் கோயில் சபையும் மீனவர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் அதை மேசை லாச்சியில் போட்டு மூடுவது கஷ்டம். அந்தக் கையெழுத்து வாங்குவதற்கு முதலில் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போய் வந்திருக்க வேண்டும்.

அதனால்தான் சின்னதாகத் தொடங்குகிறோம். எங்களால் முடிந்தது இருபது பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள், ஒரு மௌலவி, ஒரு முச்சக்கரவண்டி.

முதல் துண்டு, இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுமுறையின் முதல் சனிக்கிழமை. சுபஹ் முடிந்ததும் பாலாவிச் சந்தி. கட்டணம் இல்லை. சைக்கிள் இல்லாத பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள். வீட்டில் சும்மா சாத்தி வைத்திருக்கும் பழைய சைக்கிள் இருந்தால் தாருங்கள், ஓட்டுப் போட்டு எண்ணெய் விட்டு நாங்கள் ஓட வைக்கிறோம். தலைக்கவசம் பத்துக் குறைகிறது, யாராவது பொறுப்பெடுத்தால் பெரிய உதவி. 1990இல் கடலால் வந்த பெரியவர்களும், அன்றைக்கு வரவேற்ற பெரியவர்களும், கதை சொல்ல அரை மணி நேரம் தர முடியுமானால் எங்களுக்கு அறிவியுங்கள். வீட்டுக்கே வந்து கேட்கவும் தயார்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரியாமல் எங்களைப் பற்றிப் பேசுவதைவிட, வந்து முகத்துக்கு நேரே கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்வோம். எங்கள் பக்கம் பிழை இருந்தால் திருத்திக்கொள்வோம்.

வருகிறவர்கள் இரவே டயருக்குக் காற்று அடித்து வையுங்கள். சுபஹுக்கு பிறகு பாலாவியில் எந்தக் கடையும் திறந்திருக்காது.